ஓதெத்துக்காக வைத்த பூசைகள்

இதில் நான் சொல்லப்போகும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. எழுபத்து நான்கு வயதில், சர்க்கரையும் இடது காதும் மட்டும் கெட்டுப்போய், மற்ற எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும் நிலையில், சம்பா கோவில் மாதா மேல் ஆணையாகச் சொல்கிறேன். அதில் திருப்தி இல்லாதவர்களுக்காக என் பிரெஞ்சு பென்சன் மேலும் ஆணையிடுகிறேன். மாதா மேல் பொய்ச்சத்தியம் செய்தவர்கள் புதுச்சேரியில் உண்டு. பென்சன் மேல் பொய்ச்சத்தியம் செய்தவன் இதுவரை பிறக்கவில்லை.

கண் டாக்டர் அன்புசெல்வி என் மனைவியின் வலது கண்ணில் மஞ்சளாக ஒரு சொட்டு விட்டு, அறையின் விளக்கை அணைத்து, நீல வெளிச்சத்தை அடித்தார். "ஐயா, நீங்களும் வந்து பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். நாற்பத்தெட்டு வருடமாக என்னை முறைத்துக்கொண்டிருக்கும் கருவிழியில், பச்சையாக மினுங்கிக்கொண்டு, ஒரு சின்ன மரக்கிளை இருந்தது. கிளையின் நுனிகளில் மொட்டு மாதிரிக் குட்டிக் குட்டி உருண்டைகள். அழகாகத்தான் இருந்தது. "செல்வி, உன் கண்ணுல முருங்கை மரம் மொளச்சிருக்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நான்கு நாளாகக் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தவள் சிரிக்க மாட்டாள்தான்.

"ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ்" என்றார் டாக்டர். "பயப்படாதீங்கம்மா. நெறைய பேருக்கு இது சின்ன வயசுலயே உள்ள வந்துடும். அத்தையோ சித்தியோ ஒரு முத்தம் குடுத்தா போதும். அப்புறம் நரம்புல போய்ப் படுத்துக்கும். ஜுரம், கவலை, ஏதாவது வந்தா எழுந்து வரும். களிம்பு தரேன். ஒரு நாளைக்கு அஞ்சு தடவ. விட்டுட்டீங்கன்னா தழும்பு விழுந்து பார்வை போயிடும்."

இவ்வளவு பேச்சில் சகாயசெல்வியின் காதில் விழுந்தது முத்தம் என்ற ஒரே வார்த்தை. ஆட்டோ பிடித்துச் சாரத்தில் இருக்கும் எங்கள் தெருவுக்கு வந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கள் மகள் ஜோவிதாவைக் கூப்பிட்டு, டாக்டர் சீட்டில் எழுதியிருப்பதைப் போனில் போட்டுப் படிக்கச் சொன்னாள். ஜோவிதா உழவர்கரையில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவள். எதையும் நிறுத்தி நிதானமாகப் படிக்கிறவள், அன்று பாதியில் நின்றாள்.

"ரெண்டு வகை இருக்காம்மா. ஒண்ணு வாயில வர்றது."

"இன்னொண்ணு?"

"இன்னொண்ணு வேற மாதிரி."

"எப்டி வருதாம்? படி."

"அப்பா, நீங்க கொஞ்சம் வெளில போங்க."

நான் போகவில்லை. ஜோவிதா படித்தாள். டாக்டர் சொன்னதும் அதில் இருந்தது. டாக்டர் சொல்லாததும் இருந்தது. செல்வி ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். "அந்தச் சனியன் எந்த ஊருலேர்ந்து வந்துச்சின்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

மார்செய் என்ற ஊரைத்தான் சொன்னாள். இங்கே நான் யாரென்று சொல்லிவிட வேண்டும். நான் சொல்தா அமலநாதன், அதாவது சிப்பாய் அமலநாதன். பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் சமையல்காரனாக இருந்தவன். ஸ்ட்ராஸ்பூர் குளிரில் தும்மியபோது மீசையின் ஒரு பக்கம் பிஸ்கட் மாதிரி ஒடிந்து சூப்பில் விழுந்தது எனக்குத்தான். ஜிபுத்திக் கடலில் திமிங்கலம் ஒன்று தொப்பியாக மாட்டிக்கொண்டு போனதும் நான் கழுவிய அண்டாவைத்தான். கடைசி நான்கு வருடம் மார்செயில். அங்கே துணி வெளுக்கும் கடை வைத்திருந்தவள் ஓதெத். நனைந்த ராணுவக் கம்பளி இரண்டை ஒரே கையால் தூக்கிப் பிழிவாள். கீழே ஓடுகிற தண்ணீரில் வாத்து நீந்தும்.

எண்பத்தாறில் பென்சனோடு திரும்பி வந்தேன். அந்த வருடம் ஜூலை பதினாலாம் தேதி, பிரான்சின் தேசிய நாளன்று, பழைய சொல்தாக்கள் எல்லாம் மெடல் குத்திக்கொண்டு ஊர்வலம் போய்விட்டு எங்கள் வீட்டில்தான் சாப்பிட உட்கார்ந்தோம். இரண்டாவது பாட்டிலுக்குப் பிறகு மேசை மேல் ஆளாளுக்கு ஒரு கதையை எடுத்து வைத்தார்கள். ஒருவன் ஜெனரலைக் காப்பாற்றினான். ஒருவன் ஒட்டகத்தை. என் பங்குக்கு நான் ஓதெத்தை வைத்தேன். செல்வி அப்போது கையில் வறுத்த கோழித் தட்டோடு கதவண்டை நின்றிருந்தாள். தட்டு கீழே விழவில்லை. கொண்டுவந்து நடுவில் வைத்தாள், எல்லோருக்கும் பரிமாறினாள், எனக்குக் கோழிக்காலை வைத்தாள். மறுநாள் விடியற்காலையில் சம்பா கோவிலுக்குப் போய் வந்து, "மன்னிச்சிட்டேன்" என்றாள். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன். அந்த மன்னிப்பு எங்கள் கோவில் பங்கு முழுக்கப் பரவிவிட்டது. மரியாயின் சேனை என்ற ஜெபக் கூட்டத்துக்குச் செல்வியைத் தலைவியாகப் போட்டார்கள். எந்த வீட்டில் புருஷன் கால் தடுமாறினாலும் அந்தப் பெண் முக்காட்டோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். உள்ளே கூட்டிப்போய்க் காப்பி கொடுத்து, செல்வி தாழ்ந்த குரலில் பேசுவாள். போகும்போது அவர்கள் முகம் தெளிந்திருக்கும். என்னைத் தாண்டும்போது மட்டும் என் காலைப் பார்ப்பார்கள். முப்பத்தொன்பது வருடம் நான் அந்த வீட்டில் ஒரு பாடப்புத்தகம் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு ஜூலை பதினாலும் கதையைக் கேட்பார்கள், நானும் சொல்வேன். ஓதெத் வருடத்துக்கு ஒரு சுற்றுப் பெருத்தாள்.

இப்போது கண்ணுக்கு வருகிறேன்.

"எல்லாரும் வாய் வைக்கிற எடத்துல நீயும்தான வைக்கிற" என்று முதலில் சொல்லிப் பார்த்தேன். "பெரிய வெள்ளிக்கிழம சிலுவய முத்தி செய்யிறதுக்கு ஆயிரம் பேரு வரிசைல நிக்கிறாங்க. கோவில்பிள்ளை பத்துப் பேருக்கு ஒருவாட்டி ஒரே துணியால தொடைக்கிறான். அங்க ஒட்டியிருக்கும்."

"ஆண்டவரு கால்லேர்ந்து எனக்கு நோய் வந்துச்சின்றீங்களா?"

"ஆண்டவர சொல்லல. துணிய சொல்றேன்."

"ஓதெத்த நான் மன்னிச்சாச்சி" என்றாள் செல்வி. சத்தம் போடவில்லை. களிம்பு போட்ட கண்ணை மூடிக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடி சொன்னாள். "அது முடிஞ்ச கணக்கு. எங்கண்ணு அதுல சேராது. நீங்க அங்கேர்ந்து கொண்டாந்து எனக்குக் குடுத்திருந்தா, அத மன்னிக்க முடியுமா முடியாதான்னு நான் பாக்கணும். போய் ரத்தம் குடுத்துட்டு வாங்க."

டாக்டர் அன்புசெல்விக்குப் போன் போட்டோம். ரத்தப் பரிசோதனை தேவையே இல்லை, அது யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது என்றெல்லாம் சொல்லாது என்றார். "ஒங்களுக்கு சொல்லாது டாக்டர், எனக்கு சொல்லும்" என்று செல்வி போனை ஜோவிதாவிடம் கொடுத்துவிட்டாள்.

சாரத்தில் நாலு பரிசோதனைக் கூடம் இருக்கிறது. நாலிலும் எங்கள் பங்கு ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் உழவர்கரையில், என்னைத் தெரியாத ஒரு இடமாகப் பார்த்தேன். பயம் என்று நினைக்க வேண்டாம். எழுபத்து நான்கு வயதில் ஒருவன் மேல் இப்படி ஒரு சந்தேகம் வருவது எத்தனை பேருக்கு வாய்க்கும்? இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டேன். செல்விக்குக் கண்ணில் வெளிச்சம் ஆகாது, கூட வர முடியவில்லை. பூர்ணிமா என்று ஒரு பெண் பெயர், வயது கேட்டாள். பரிசோதனையின் பெயரைப் பார்த்ததும் ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"யாருக்குத் தாத்தா?"

"எனக்குத்தான்."

"சரி, கைய நீட்டுங்க."

அந்தப் பரிசோதனை என்னவென்று அவளைக் கேட்டால் நன்றாகச் சொல்வாள். கிருமி உள்ளே வந்தால் உடம்பு அதற்கென்று ஒரு காவல்காரனை வைக்கிறது. கிருமி நரம்பில் போய்த் தூங்கினாலும் காவல்காரன் வீட்டுக்குப் போவதில்லை. சாகும்வரை ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருப்பான். அவன் இருக்கிறானா என்று பார்ப்பதுதான் வேலை. எனக்கு உடனே எங்கள் ஊர்ச் சிவப்புத் தொப்பிப் போலீஸ் ஞாபகம் வந்தது. என் நாளங்களில் சிவப்புத் தொப்பிகள் மார்செயிலிருந்து இன்றுவரை லாத்தியைச் சுழற்றிக்கொண்டு நடப்பதாக நினைத்துக்கொண்டேன். நரம்பு தடிமனாக இருந்ததால் முதல் ஊசி வளைந்துவிட்டது. இரண்டாவது ஊசியில் ரத்தம் வந்த வேகத்தைப் பார்த்துப் பூர்ணிமா, "இவ்ளோ செவப்பா இந்த வருஷம் நான் பாக்கல தாத்தா" என்றாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஜோவிதாவின் போனுக்கு முடிவு வந்தது. நான் செல்விக்குக் களிம்பு போட்டுக்கொண்டிருந்தேன். அந்த வேலை என்னுடையது. கீழ் இமையை இழுத்து, அரிசி அளவு வைத்து, கண்ணை மூடச் சொல்லி, பத்து எண்ணுவேன். பிரெஞ்சில் எண்ணினால்தான் அவளுக்குச் சிரிப்பு வரும். அந்த வாரம் முழுக்கத் தமிழில்தான் எண்ணினேன்.

"வந்துருச்சி" என்றாள் ஜோவிதா.

"சத்தமா படி" என்றாள் செல்வி. அவள் மடியில் ஜெபமாலை இருந்தது. தண்டனையை எழுதப்போகிறவர்களுக்கும் ஜெபம் தேவைப்படும் போலிருக்கிறது.

"அமலநாதன், ஆண், எழுபத்தி நாலு. டைப் ஒண்ணு ஐஜிஜி, புள்ளி ரெண்டு ஒண்ணு. டைப் ரெண்டு, புள்ளி ஒண்ணு நாலு. புள்ளி ஒம்பதுக்குக் கீழ இருந்தா நெகட்டிவாம். அம்மா, ரெண்டுமே நெகட்டிவ்." ஜோவிதாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அப்பாவுக்கு ஒண்ணுமே இல்லம்மா! அப்பாட்டேர்ந்து வரல!"

நான் பத்து வரை எண்ணி முடித்தேன். செல்வி கண்ணைத் திறக்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று நேரம் போயிற்று.

"ஒண்ணுமே இல்லியா?"

"சுத்தமா இல்லம்மா."

"மார்செய்லேர்ந்து ஒண்ணும் வரலியா?"

"வரலம்மா."

செல்வி ஜெபமாலையை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள். பிறகு ஜோவிதாவைப் பால் வாங்கி வரச் சொன்னாள். வீட்டில் பால் இருந்தது. ஜோவிதா போய்விட்டாள்.

"ஓதெத் இருந்தாளா இல்லியா?"

"இருந்தா."

"பொய் சொல்லாதீங்க."

"செல்வி, மாதா சாட்சியா இருந்தா. ரூ தொபான்ய்னு ஒரு தெருவுல கடை. நீலக் கதவு."

"இருந்தவகிட்ட ஒரு முத்தத்துக்குக்கூட வழி இல்லாம நாலு வருஷம் துணி குடுத்துத் துணி வாங்கிக்கினு வந்தீங்களா?"

இந்த இடத்தில் நான் செய்ததைப் பிரெஞ்சு ராணுவத்தில்கூட யாரும் செய்திருக்க மாட்டார்கள். என் குற்றத்துக்கு நானே வக்கீலாக நின்று, குற்றம் நடந்தது என்று வாதாடினேன். "அப்டி சொல்ல முடியாது செல்வி. டாக்டரே சொன்னாங்களே. இந்த டெஸ்ட்டு எல்லாத்தயும் சொல்லாது. கிருமி அவகிட்ட இல்லாம இருந்திருக்கும். இருந்தும் ஒட்டாம போயிருக்கும். ஒங்கூட நாப்பத்தெட்டு வருஷம் இருந்தே எனக்கு ஒட்டலியே! அதுக்காக நாம குடும்பமே நடத்தலன்னு ஆயிடுமா?"

"போதும்."

"நான் தப்பு பண்ணவன் செல்வி. நம்பு."

அப்போதுதான் அவள் எனக்கு முப்பத்தொன்பது பூசைகளைப் பற்றிச் சொன்னாள். அதுவரை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு ஜூலை பதினைந்தும் விடியற்காலை பூசை ஒன்று சம்பா கோவிலில் நடந்திருக்கிறது, பெயர் சொல்ல விரும்பாத ஒரு ஆத்துமாவுக்காக என்று. முதல் சில வருடம் ஓதெத் நாசமாகப் போக வேண்டும் என்று முழங்காலில் நின்றிருக்கிறாள். பிறகு வெட்கம் வந்திருக்கிறது. பிறகு ஓதெத்துக்கு நல்ல புத்தி வர வேண்டும் என்று. பிறகு ஓதெத்துக்கும் வயதாகியிருக்கும், துணி பிழிந்து பிழிந்து தோள் வலிக்கும், அவளைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று. போன வருடம் அவளுடைய நல்ல மரணத்துக்காக.

"அவளுக்குத் தோள்வலின்னு நான் அழுதிருக்கேன்யா" என்றாள். நாற்பத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக எனக்கு மரியாதை குறைந்தது. "இல்லாத பொம்பளைக்கு."

"இருந்தாம்மா."

"மீசை ஒடஞ்சது பொய்யின்னு எனக்குத் தெரியும். திமிங்கலம் பொய்யின்னு தெரியும். நீ வாயத் தொறந்தா வர்றது எல்லாம் பொய்யின்னு ஊருக்கே தெரியும். அது ஒண்ணுதான் நெசம்னு நெனச்சேன். ஒன்னோட ஒரே ஒரு நெசம் எங்கிட்ட இருக்குன்னு நெனச்சேன். அத வெச்சிக்கினுதான் ஒங்கூட இருந்தேன். ஜோவிதாவுக்கு மூணு வயசு ஆவும்போது எங்கம்மா வீட்டுக்குப் போயிடலாம்னு பொட்டி கட்டினேன். போவலியே ஏன்? மன்னிச்சவ போவக் கூடாதுன்னு போவல. இப்ப நான் யார மன்னிச்சேன்? சொல்லு. நான் மன்னிச்ச ஆளு எங்க?"

நான் என் மார்பைத் தொட்டுக் காட்டினேன். அதைப் பார்க்க அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"கெட்டவனா இருந்தேன்னு சொல்லி ஏமாத்தியிருக்கியே" என்றாள். "ஊருல எல்லா ஆம்பளயும் நல்லவன்னு சொல்லித்தான்யா ஏமாத்துவான்."

அதற்கு அடுத்த புதன்கிழமை, லினெட் என்ற பெண் வந்தாள். குருசுக்குப்பத்தில் தையல் கடை வைத்திருப்பவள். அவள் புருஷன் காரைக்காலுக்கு வேலையாகப் போகிறேன் என்று அடிக்கடி போகிறானாம், காரைக்காலில் வேலையே இல்லையாம். வாசலில் நின்று அழுதுகொண்டே, "அக்கா, நீங்கதான் ஏதாவது சொல்லணும்" என்றாள். செல்வி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வழக்கமாக உள்ளே கூப்பிடுவாள், அன்று வாசற்படியிலேயே நின்றாள்.

"எனக்கு இதுல அனுபவம் இல்லம்மா" என்றாள்.

லினெட் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். முதல்முறையாக என் காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன இருந்ததோ, அவள் பயந்துபோய்த் திரும்பிப் போனாள். ஞாயிற்றுக்கிழமை செல்வி மரியாயின் சேனைத் தலைவி பதவியை எழுதிக் கொடுத்துவிட்டாள். காரணம் கேட்டதற்கு, கண் சரியில்லை என்றாளாம்.

கண் ஆறிக்கொண்டுதான் வருகிறது. கிளை வாடிவிட்டது, அடிமரம் மட்டும் கொஞ்சம் இருக்கிறது, இன்னும் இரண்டு வாரம் களிம்பை விடக் கூடாது என்று டாக்டர் சொல்கிறார். நான் ஐந்து வேளையும் டியூபை எடுத்துக்கொண்டு போய் நிற்கிறேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறாள், "தேங்க்ஸ்" என்கிறாள், கதவை ஒருக்களித்துச் சாத்துகிறாள். இடுக்கு வழியாகத் தெரியும். ஒரு கையில் சின்னக் கண்ணாடி, ஒரு கையில் டியூப், இமையை இழுக்க மூன்றாவது கை இல்லை. களிம்பு இமைமுடியில் ஒட்டும், கன்னத்தில் வழியும், ஒரு நாள் மூக்குத்தி மேல். வழித்து எடுத்து மறுபடியும் முயற்சி செய்வாள். கடைசியில் எப்படியோ உள்ளே போனதும், கண்ணை மூடிக்கொண்டு, பத்து வரைக்கும் எண்ணுகிறாள். உதடு அசைவதிலிருந்து எந்த மொழி என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

உழவர்கரையில் அமலநாதன் என்று பெயர் கொடுத்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, ஊசிக்குக் கை நீட்டியது நான் இல்லை, என் தம்பி ஜூலியன். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.